செங்கோட்டையில் அலமாரி வேலை கொடுத்து ஏமாந்தோம். பழைய வீடு உள்ளவர்கள் கட்டாயம் படியுங்கள்

என் மாமியார் வீடு செங்கோட்டையில் இருக்கிறது. 1956-இல் இந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே கட்டிய ஓட்டு வீடு. ஒன்றரை அடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர், மேற்கே சரிந்து இறங்கும் கூரை. அந்தச் சரிவுக்குக் கீழே சும்மா கிடந்த இடத்தில் சுவரோடு சேர்ந்த அலமாரியும் புத்தகத் தட்டும் கேட்டோம். விளக்கு மாடங்களை மறைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னோம்.

"உங்க வீட்டுக்குன்னே அளந்து செய்வோம், எல்லாம் 710 மெரைன் ப்ளைவுட்" என்றார் கடைக்காரர். 710 என்பது தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண். 2,10,000 ரூபாய் பேசி, முன்பணம் 1,40,000 கொடுத்தோம்.

அளக்க வந்த பையன் சுவருக்கு ஓர் இடத்தில் மட்டும் டேப் பிடித்துவிட்டுப் போனான். பழைய சுவர் நேராகவா நிற்கும்? எங்கள் மேற்குச் சுவரில் தூக்குக்குண்டு விட்டால் மேலுக்கும் கீழுக்கும் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் வித்தியாசம். வந்து இறங்கியவை சதுரப் பெட்டிகள். சரிவில் அவை சேரவில்லை. முக்கோணமாக விட்ட இடைவெளியில் ஒரு பட்டையை ஒட்டி சிலிகான் பூசினார்கள். அத்தை ஐம்பது வருஷமாக விளக்கேற்றிய மாடம் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது. அன்று சாயங்காலம் அவர் அகலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் ஜூன் மாதம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்தால் எங்கள் மேற்குச் சுவரில் எப்போதும் ஈரம் ஊறும். மூன்றே வாரத்தில் அடித்தட்டு டீயில் முக்கிய ரஸ்க் போல உப்பியது. கீல் திருகாணியோடு கையில் வந்தது. உள்ளூர் ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றினோம். "இது பலகையே இல்லம்மா, மரத்தூளைப் பசை போட்டு அமுக்குனது" என்றார். கதவு மட்டும்தான் ப்ளைவுட். அதன் பின்பக்க முத்திரையில் இருந்தது 303, எம்.ஆர். அது காற்றின் ஈரத்தைத் தாங்கும், சுவரில் ஊறும் ஈரத்தைத் தாங்காது. 710 தரத்துக்குக் கொதிநீரில் 72 மணி நேரச் சோதனை உண்டு.

போன் செய்தால், "ஈரத்துக்கு நாங்க பொறுப்பில்லை." இரண்டாவது தடவை எடுக்கவே இல்லை. எங்களிடம் இருப்பது எஸ்டிமேட் தாள் ஒன்றுதான். ஜி.எஸ்.டி. பில் தரவில்லை. தாளில் 'முதல் தர ப்ளைவுட்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. 710 என்பது வாய்ப்பேச்சோடு போயிற்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன்.

நீங்கள் வேலை கொடுத்தால், தரத்தின் எண்ணையும் உள்பெட்டி எதில் செய்வது என்பதையும் எழுதி வாங்குங்கள். பலகையை அறுக்கும் முன் முழுசாகப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உரிம எண் இருக்கும், அதை அந்த முத்திரையைக் கொடுக்கும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரியும். சுவரை மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் அளக்காதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். சாரல் படும் சுவர் என்றால் பின்னால் காற்றுப் போக இடம் விடச் சொல்லுங்கள்.

உப்பிய பலகையில் ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். செங்கோட்டை, தென்காசி, புளியரைப் பக்கம் யாராவது இப்போது வேலை பேசிக்கொண்டிருந்தால் வீட்டுக்கு வாருங்கள், தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.