சிறுவாட்டு டப்பாவிலிருந்து கார்டுக்கு: ஒன்பது வருடப் பயன்பாடு

நான் கார்டைச் செலவுக்கு எடுக்க ஆரம்பித்தது 2016 நவம்பரில்தான். அதற்கு முன்பும் கார்டு இருந்தது, மாதம் இரண்டு தடவை ஏடிஎம்மில் பணம் எடுப்பதோடு சரி. நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாது என்று அறிவித்ததும் கையிலிருந்த நூறு ரூபாய்த் தாள்கள் மூன்று நாளில் தீர்ந்துபோய், நாலாவது நாள் திருச்சியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் முதல் முறையாகக் கார்டைத் தேய்த்தேன். பின்னால் நிற்கிறவர் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் பின் நம்பரை இரண்டு முறை தப்பாகப் போட்டேன்.

இன்று மருத்துவமனை, ஜவுளி, பெட்ரோல் எல்லாம் கார்டுதான். காய்கறிக்கும் டீக்கும் யுபிஐ. பர்ஸில் ஒரு இருநூறு ரூபாய் இருக்கும், அதுவும் பஸ்ஸுக்காக.

எனக்கு இதில் உண்மையாகவே பிடித்தது கட்டுப்பாடு. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி ஆன்லைன், வெளிநாடு, டேப் (கார்டை மெஷின்மேல் காட்டினாலே போதும் என்கிற முறை) என்று ஒவ்வொன்றையும் நாமே வங்கி ஆப்பில் நிறுத்தலாம், திறக்கலாம், உச்சவரம்பும் வைக்கலாம். பின் நம்பர் இல்லாமல் டேப் பண்ணும் அளவு 2021 ஜனவரியில் 2000-லிருந்து 5000 ஆனது. எனக்கு அது அதிகமாகப் பட்டது, 1000-ஆகக் குறைத்து வைத்திருக்கிறேன். வெளிநாட்டுப் பயன்பாடு எப்போதும் நிறுத்தியே இருக்கும்.

பிடிக்காதது இரண்டு. ஒருமுறை பெட்ரோல் பங்கில் 800 ரூபாய் கணக்கில் கழிந்துவிட்டது, மெஷினில் ரசீது வரவில்லை, அதனால் மறுபடியும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். நாலாவது நாள் தானாகவே திரும்பி வந்தது. ஐந்து நாளுக்குள் வரவில்லையென்றால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும் என்று 2019-லிருந்தே விதி இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்னொன்று, சில கடைகளில் கார்டு என்றால் 2 சதவீதம் கூடக் கேட்பது. ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரருக்குக் கட்டணமே கிடையாது, மற்ற டெபிட் கார்டுகளுக்கும் 2 சதவீதம் வராது. நான் கேட்டுவிடுவேன். பாதிப் பேர் விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஆனால் இந்த ஒன்பது வருடத்தில் நான் அதிகம் யோசித்தது என் கார்டைப் பற்றி இல்லை, அம்மாவைப் பற்றி.

அம்மாவுக்கு ஒரு உளுந்து டப்பா உண்டு. கடைக்குக் கொடுத்ததில் மிச்சம், பூக் கட்டிக் கொடுத்த காசு, மாமா ஊரிலிருந்து வரும்போது கையில் வைத்துவிட்டுப் போகிறது எல்லாம் அதற்குள் போகும். சிறுவாடு இல்லாத வீடு நம் ஊரில் இருக்காது. 2016-ல் அந்த டப்பாவிலிருந்து இருபத்து மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து என் முன்னால் வைத்து, "இத என்னம்மா பண்றது?" என்றார். வீட்டில் இருந்த ஒரே கணக்கு அப்பா பேரில். அதில்தான் போட்டோம், அந்த மாதமே போர் மோட்டார் ரிப்பேருக்குப் போய்விட்டது. அது அம்மாவின் பணம் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

அப்புறம் அப்பா தன் கார்டையே அம்மாவிடம் கொடுத்தார், நல்ல எண்ணத்தில்தான். ஆனால் ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் மெசேஜ் அப்பா போனுக்குப் போனது. "340 ரூபாய்க்கு என்ன வாங்கின?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார், அம்மா அதற்கப்புறம் தனக்கென்று எதையும் வாங்குவதை நிறுத்திவிட்டார். இன்னொன்றும் நடந்தது, அதை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தால் மிச்சம் 160 கைக்கு வரும், அதில் இருபதோ ஐம்பதோ டப்பாவுக்குப் போகும். கார்டில் 340 என்றால் 340 மட்டும்தான் போகிறது, மிச்சம் என்று எதுவும் வருவதில்லை. டப்பாவில் உளுந்து மட்டும்தான் இருந்தது.

2021-ல் அம்மா பேரில் தனியாக அடிப்படை சேமிப்புக் கணக்கு திறந்தோம். மினிமம் பேலன்ஸ் தேவையில்லை, கார்டும் இலவசம். நான் பிடிவாதமாக நின்றது ஒன்றே ஒன்றில்: கணக்கோடு இணைக்கும் மொபைல் நம்பர் அம்மாவுடையதாகவே இருக்க வேண்டும். கிளையில் இருந்தவர் "வீட்டுக்காரர் நம்பர் போதுமே" என்றார், அம்மாவும் தலையாட்டப் போனார், நான் விடவில்லை. உங்கள் வீட்டிலும் அம்மா, பாட்டி பேரில் கணக்கு இருந்தால் மெசேஜ் யாருக்குப் போகிறது என்று தயவுசெய்து பாருங்கள். அது வேறொருவர் நம்பராக இருந்தால் கணக்கு பாதிதான் அவர்களுடையது.

2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாயும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. மெசேஜ் வந்ததும் அம்மா தனியாக ஏடிஎம் போய் 500 எடுத்து டப்பாவில் வைக்கிறார், மீதி கணக்கிலேயே கிடக்கும். கால்வலி மாத்திரைக்கும், போன தீபாவளிக்கு வாங்கிய சுங்குடிச் சேலைக்கும் கார்டைத்தான் நீட்டினார். டேப் மட்டும் வேண்டாம் என்கிறார், பின் நம்பர் போட்டால்தான் பணம் கொடுத்த மாதிரி அவருக்கு இருக்கிறதாம். அதனால் அவர் கார்டில் டேப்பை நிறுத்தியே வைத்திருக்கிறேன்.