899 ரூபாய்த் தோட்டப் பெட்டியும் அஞ்சறைப் பெட்டி வெந்தயமும்

ஆடி பிறந்ததும் அம்மா வழக்கம்போல "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று ஆரம்பித்தார். சரி, பிள்ளைகளையும் இழுத்துவிடலாம் என்று இணையத்தில் 899 ரூபாய்க்குக் குழந்தைகளுக்கான தோட்டப் பெட்டி ஒன்றை வாங்கினேன். பெரியவனுக்கு 6 வயசு, சின்னவனுக்கு 4. கம்பெனி பெயர் வேண்டாம், இதே சாமானைப் பத்துப் பேர் விற்கிறார்கள், அட்டைப் படம்தான் வேறு.

உள்ளே ஐந்து குட்டித் தொட்டி, ஒரு பூவாளி, பிளாஸ்டிக் கரண்டி, அரைக் கிலோ தென்னை நார்க்கட்டி, ஐந்து விதைப் பொட்டலம். நார்க்கட்டியைத் தண்ணீரில் போட்டதும் அது பொலபொலவென்று உப்பிக்கொண்டு அரை வாளிக்கு வந்தது, அதற்கே அன்றைக்கு முழுக்கக் கொண்டாட்டம். ஆனால் வெறும் நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர, செடிக்கு அதில் சாப்பாடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெட்டியில் உரமும் கிடையாது, உரம் கலக்கச் சொல்லிக் கையேட்டில் ஒரு வரியும் கிடையாது. நான் மண்ணும் மண்புழு உரமும் தனியாக வாங்கிக் கலந்தேன்.

விதைகள்தான் பெரிய கூத்து. ஸ்ட்ராபெரி, லாவெண்டர், கேரட், தக்காளி, வெண்டை. சென்னை மொட்டை மாடியில் லாவெண்டராம்! ஊட்டியில் இருப்பவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். தக்காளி இங்கே வரும், ஆனால் பழம் பார்க்க மூன்று மாசம் ஆகும், நாலு வயசுப் பிள்ளைக்கு மூன்று மாசம் என்பது அடுத்த ஜென்மம். வெண்டை விதை ரோஸ் நிறத்தில் இருந்தது. அது பூஞ்சாணக் கொல்லி மருந்து பூசிய விதை, பார்க்க அச்சு அசல் சீரக மிட்டாய், குழந்தைகளுக்கு என்று விற்கும் பெட்டியில் இதை வைத்தவரை என்ன சொல்வது? அந்தப் பொட்டலத்தை அப்போதே எடுத்து அலமாரி உச்சியில் வைத்துவிட்டேன்.

சின்னவன் தினமும் காலையில் எழுந்ததும் நேராகப் போய் விதையைத் தோண்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடி வைத்துக்கொண்டிருந்தான். திட்டிப் பார்த்தேன், கேட்கவில்லை. அம்மாதான் ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்து, ஓரத்தில் ஈரத் துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு காராமணியைச் சொருகி வைத்தார். மூன்றாம் நாள் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வேர் கீழே இறங்கியது. "பாட்டி, வால் வந்துடுச்சு!" என்று ஒரே கத்தல். அதற்கப்புறம் தொட்டியைத் தோண்டுவது தானாக நின்றது, உள்ளே என்ன நடக்கிறது என்றுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது போல.

அப்புறம் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்து, இரண்டு தொட்டியில் தூவினோம். நாலு நாளில் பச்சை தெரிந்தது, 24-ஆம் நாள் பெரியவன் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு வந்தான். பருப்பில் போட்டோம். இரண்டு வாய் சாப்பிட்டு, கசக்கிறது என்று தம்பி தட்டில் தள்ளிவிட்டான், அது வேறு கதை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால், தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டத் தளை (அதாவது கிட்) மாதிரி ஒன்றே தேவலை. அதில் ஆறு பை, ஆறு வகைக் காய்கறி விதை, நார்க்கட்டி, உயிர் உரம், வேப்பெண்ணெய் என்று தேவையானது இருந்தது.

இந்தப் பெட்டிக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் பூவாளிக்கு. துளைகள் பொடிசாக இருப்பதால் எவ்வளவு ஊற்றினாலும் விதை மேலே கிளம்பி வருவதில்லை, சின்னக் கைக்குப் பிடிக்கவும் வாகு. அதை வைத்துத்தான் ஒன்றுமே முளைக்காத ஸ்ட்ராபெரித் தொட்டிக்குச் சின்னவன் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.