கேமராவா, ஒலிப்பதிவா? குமரியின் இரவு விலங்குகளுக்கு எது உதவும்?

குமரி மாவட்டத்தில் பாலூட்டிகளை ஆராய விரும்பும் கல்லூரிக் குழுவிடம் ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தானியங்கிக் கேமராவா, நம் காதுக்கு எட்டாத மீயொலியைப் பதியும் கருவியா? நான் ஒலிப்பதிவுக் கருவியைத்தான் சொல்வேன்.

கேமராவின் பலம் பெரியது. விலங்கின் உடற்சூடு சுற்றுப்புறச் சூட்டிலிருந்து வேறுபட்டு நகர்ந்தால், அதுவே படம் எடுக்கும். ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இருக்காது என்பதால் தனித்தனியாக எண்ணவும் முடிகிறது. 2018-ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். ஆனால் கீரிப்பாறைக் காட்டுக்குள் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். நண்பரின் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் வைத்தபோது முள்ளம்பன்றியும் மரநாயும் கிடைத்தன. மற்றபடி பாதிக்கு மேல் விடியுமுன் பால்வெட்ட வந்தவர்களின் படங்கள். அவர்களிடம் முன்பே சொல்லாதது எங்கள் தவறு. படங்களை அழித்துவிட்டு நேரில் போய்ச் சொன்னோம். மெகாடிடெக்டர் என்ற மென்பொருள் ஆள், வண்டி, விலங்கு என்று படங்களைப் பிரித்துத் தரும். எந்த விலங்கு என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஒலிக்கருவி தருவது வேறு. பூச்சி தின்னும் வௌவால்களைக் கேமராவில் பிடித்தாலும் இனம் சொல்வது கடினம். எதிரொலியைக் கேட்டு வழியறிய அவை எழுப்பும் ஒலியோ பெரும்பாலும் நம் காதின் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லைக்கு மேலே இருக்கிறது. லாட வௌவால்களில் ரைனோலோபஸ் ரூக்ஸி, ரைனோலோபஸ் இண்டோரூக்ஸி என இரண்டு இனங்கள் உண்டு. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று சுமார் 80 கிலோஹெர்ட்ஸிலும் மற்றது 90-ஐ ஒட்டியும் ஒலிக்கிறது. கண் தடுமாறும் இடத்தில் காது, அதாவது கணினி, பிரித்துச் சொல்லிவிடுகிறது. எனக்கு இதைவிட அழகான காரணம் வேண்டாம்.

சிக்கல் சேமிப்புதான். ஆடியோமாத் போன்ற உள்ளங்கை அளவுக் கருவியை நொடிக்கு 3,84,000 முறை ஒலியை அளக்கும்படி ஓடவிட்டால், ஒரு மணி நேரத்துக்கே சுமார் 2.8 ஜிபி வரும். நிமிடத்துக்குப் பத்து நொடி மட்டும் பதியச் சொன்னால் ஆறில் ஒரு பங்காகிவிடும். அப்புறம் இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது, ஈரம் புகாத உறை கட்டாயம். ஒலியை இனத்தோடு பொருத்த, சரியாக அடையாளம் கண்ட மாதிரிப் பதிவுகளும் தேவை.

பெரும்பாலான பழந்தின்னி வௌவால்கள் இதில் சிக்காது. அவை எதிரொலியை நம்பிப் பறப்பதில்லை. அவற்றுக்குக் கைப்பேசிப் படமும், கண்ட உயிரினங்களைப் படத்தோடு பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியும் போதும். தேவாங்கு, எறும்புத்தின்னி போன்றவற்றைக் கண்டால் மட்டும் இருப்பிடத்தைக் குறிப்பில் எழுதிவிடாதீர்கள், வேட்டைக்காரர்களும் படிப்பார்கள்.

கருவி வந்ததும் முதலில் ஊர்க் குளத்தங்கரைக்குப் போங்கள். பொழுது சாயும்போது நீர்மேல் மொய்க்கும் பூச்சிகளைத் தேடி வௌவால்கள் அங்கேதான் வரும்.