மலையடிவார நிலத்துக்கு மண்கரையா, பண்ணைக்குட்டையா?

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் சரிவான பட்டா நிலம் வைத்திருப்பவர்களுக்கு மழைத்தண்ணீரைத் தேக்க இரண்டு வழி. சரிவின் குறுக்கே மண்கரை போட்ட சின்ன அணை ஒன்று, தோண்டிப் பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக்குட்டை இன்னொன்று. நான் மண்கரை போட்டேன். ஓடைப் புறம்போக்கின் குறுக்கே கரை எழுப்பக் கூடாது என்பது தெரிந்ததுதான். இங்கே பேசுவது முழுக்கப் பட்டா நிலத்துக்குள் இருக்கும் கரையைப் பற்றி.

குட்டைக்கு உடையும் பயம் இல்லை, தண்ணீர் தரைக்குக் கீழேதான் நிற்கும். ஆனால் ஷீட் சரிவு வழுக்கும். ஆடோ பிள்ளையோ விழுந்தால் ஏற முடியாது. வேலியும் கயிறும் கட்டாயம். ஷீட் எத்தனை வருடம் தாங்கும் என்பதில் பக்கத்து நிலங்களில் பார்த்த அளவுக்குத்தான் என் அனுபவம்: வெயில் படும் மேல்விளிம்புதான் முதலில் வெடிக்கிறது. எனக்குப் பெரிய குறை வேறு. ஷீட் போட்டால் தண்ணீர் கீழே இறங்காது. பாறை நிலத்தில் கிணற்றை நம்பிப் பிழைக்கும் நமக்கு அந்த ஊறல்தான் பாதி லாபம்.

மண்கரை இடத்தை விழுங்கும். 12 அடி உயரம், மேலே 8 அடி அகலம், உள்சரிவு ஓரடி உயரத்துக்கு இரண்டரை அடி, வெளிச்சரிவு இரண்டடி என்றால் அடியில் 62 அடி வரும். ஒவ்வொரு அடி நீளத்துக்கும் 420 கன அடி மண். கரை உட்காரும் கோட்டில் பள்ளம் எடுத்துக் களிமண் நிரப்பி இறுக்க வேண்டும். மேலே அரையடி அரையடியாக ஈரமண் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் விட்டு அழுத்த வேண்டும். ஜேசிபி குவித்த மண் கரை ஆகாது.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் கரையைக் காப்பது கோடிதான், அதாவது மிஞ்சும் தண்ணீர் வழிந்து வெளியேறும் வாய். மண்கரை மேலே தண்ணீர் வழிந்தால் சில மணி நேரத்தில் அரித்துப் போய்விடும். 25 ஏக்கர் சரிவிலிருந்து தண்ணீர் வருகிறது, மணிக்கு 75 மில்லிமீட்டர் மழை, அதில் 40 சதவீதம் ஓடி வருகிறது என்று வைத்தால் நொடிக்கு சுமார் 840 லிட்டர். அதை ஓரடி ஆழத்தில் கடத்தவே 10 அடி அகலக் கோடி வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த மழைக்கணக்கை அதிகம் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் 20 அடி வைத்தேன். கோடி மட்டத்துக்கு மேலே கரை 3 அடி உயர்ந்து நிற்கிறது. கோடியைக் கரை மண்ணில் வெட்டாமல், ஓரத்தில் கெட்டியான இயற்கைத் தரையில் கல் பதித்து அமைக்க வேண்டும். மீன் போகாமல் இருக்க வலை கட்டுகிறார்கள். அதில் சருகு அடைத்தால் கோடி இருந்தும் இல்லாத கதை. கரைக்குள் குழாயும் பதிக்கவில்லை, அதை ஒட்டியே தண்ணீர் வழி தேடும். கரைமேல் ஹோஸ் போட்டு உறிஞ்சி இறக்குகிறேன்.

ஐப்பசிக்கு முன்னால் சீமைக்கருவேலங் கன்றுகளைப் பிடுங்கி, எலி வளைகளைத் தோண்டி மண் இடித்து மூட வேண்டும். மழைக்காலத்தில் வெளிப்புற அடிவாரத்தை நடந்து பார்க்க வேண்டும். தெளிந்த கசிவு என்றால் கவனித்து வரலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது. கீழே இருப்பவர்களுக்கு உடனே சொல்லிவிட்டுத் தண்ணீரை இறக்க வேண்டும்.

கரைக்கு நேர் கீழே வீடோ மாட்டுக் கொட்டகையோ இருந்தால் மட்டும் நானும் குட்டைதான் என்பேன்.