அனுப்பிய செய்தியைத் திருத்துதல்: வாட்ஸ்அப், டெலிகிராம், ஐமெசேஜ், சிக்னல் ஓர் ஒப்பீடு

நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் எழுவர் கொண்ட சிறு குழு எங்களுடையது. எந்தப் பக்கத்தில் எந்த வரியை எடுப்பது, எங்கே எதைச் சேர்ப்பது என்ற குறிப்புகள் அனைத்தும் கைப்பேசிச் செய்திகளாகவே எங்களுக்குள் போய்வருகின்றன. நெடுநாள் வேறொரு செயலியில் இருந்த நாங்கள் இப்போது சிக்னலுக்கு மாறியிருக்கிறோம். ஒரே ஒரு வசதிக்காகத்தான் மாறினோம். அனுப்பிய செய்தியை ஒருவர் திருத்தினால், திருத்துவதற்கு முன்பு அது எப்படி இருந்தது என்பதைப் பெற்றவரும் அதில் பார்க்க முடிகிறது.

திருத்தும் வசதி என்ற அளவில் இன்று எதிலும் குறையில்லை. டெலிகிராம் 2016லேயே அதைத் தந்துவிட்டது. ஆப்பிளின் ஐமெசேஜில் 2022இல் ஐஓஎஸ் 16 உடன் வந்தது. வாட்ஸ்அப்பும் சிக்னலும் 2023இல் சேர்த்தன. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, திருத்து என்பதைத் தேர்ந்து, மாற்றி எழுதி அனுப்புவதுதான் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முறை. திருத்தப்பட்ட செய்தியின் ஓரத்தில் 'திருத்தப்பட்டது' என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு தோன்றுவதும் பொதுவானதே.

பலரும் ஒப்பிடுவது கால வரம்பைத்தான். வாட்ஸ்அப்பிலும் ஐமெசேஜிலும் 15 நிமிடம், சிக்னலில் 24 மணி நேரம், டெலிகிராமின் சாதாரண உரையாடல்களில் 48 மணி நேரம். தொடக்கத்தில் நானும் இந்த எண்களை வைத்தே எடைபோட்டேன். எழுத்துப்பிழை பெரும்பாலும் அனுப்பிய மறுகணமே கண்ணில் படும் என்பதால் 15 நிமிடம் போதும் என்று ஒருவர் சொல்லலாம். எங்களைப் போல மாலையில் அனுப்பிய குறிப்பை மறுநாள் காலையில் சரிபார்ப்பவர்களுக்கு அது போதாது. ஆனாலும் இந்த வரம்பு அத்தனை முக்கியமானதல்ல என்பதை ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

ஒரு நூலின் முன்னுரையில் ஒரு பத்தியைப் பற்றிக் குழுவில் விவாதம் நடந்தது. அதை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவான பிறகு, 'மூன்றாம் பத்தியை நீக்க வேண்டாம்' என்று எழுத நினைத்து 'நீக்க வேண்டும்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆங்கில விசைப்பலகையில் ஒலிவழியாகத் தமிழ் எழுதுபவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: முதல் நான்கைந்து எழுத்துகளைத் தட்டியதுமே 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டும் பரிந்துரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், விரல் சற்றே விலகினாலும் மற்றது பதிவாகிவிடும். நம் மொழியில் 'டு' என்பதும் 'டா' என்பதும் இடம் மாறினால் ஆணை தடையாகிவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து அதைக் கவனித்துத் திருத்தினேன். திருத்திய கையோடு வேறு வேலைக்குப் போய்விட்டேன், அப்படித் திருத்தியதையும் மறந்துபோனேன்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் குழுவின் இளைய உறுப்பினர் ஒருவர் செய்தியைப் படித்து, கோப்பைத் திறந்து, பத்தியை நீக்கிவிட்டிருந்தார். மாலையில் நான் கோப்பைப் பார்த்தபோது பத்தி இல்லை. கைப்பேசியைத் திறந்தால் என் செய்தியில் 'நீக்க வேண்டாம்' என்று தெளிவாக இருக்கிறது. அவரை அழைத்துக் கடிந்துகொண்டேன். "நான் படிச்சப்போ 'வேண்டும்'னுதான் இருந்துச்சு அக்கா" என்றார். திரையில் இருந்ததோ நேர்மாறாக இருந்தது. 'திருத்தப்பட்டது' என்ற குறிப்பைக் காட்டினார். ஒரு கமாவைச் சேர்த்திருப்பேன் என்றே அப்போதும் நம்பினேன். மறுநாள்தான் இன்னொரு உறுப்பினர் தம் அச்சுப்படியைக் கொண்டுவந்து காட்டினார். நான் அனுப்பியதும் அதைப் பார்த்து, பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையால் 'நீக்க வேண்டும்' என்று குறித்துவைத்திருந்தார். அந்த இளைஞரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்தச் சிவப்பு மை இல்லாதிருந்தால், செய்யாத தவறுக்கு அவர்தான் பொறுப்பாகியிருப்பார் என்பதை இன்றும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இங்கேதான் நான்கு செயலிகளும் இரண்டு அணிகளாகப் பிரிகின்றன. வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் திருத்தம் நடந்தது என்பதை மட்டும் சொல்கின்றன. என்ன திருத்தப்பட்டது என்பதை உரையாடலில் இருப்பவருக்குக் காட்டுவதில்லை. சிக்னலிலும் ஐமெசேஜிலும் அந்தக் குறிப்பைத் தொட்டால் பழைய வடிவங்கள் திறக்கின்றன. ஒற்றெழுத்தைச் சேர்த்தவருக்கும் பொருளையே புரட்டிப்போட்டவருக்கும் ஒரே முத்திரை குத்தினால், படிப்பவர் நாளடைவில் அதைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடுவார். நானே அப்படித்தான் அதைக் கடந்துபோனேன்.

இந்த வேறுபாடு தொழில்நுட்பத்தால் வந்ததா என்ற கேள்வி இயல்பானது. முனை முதல் முனை வரை மறையாக்கம் உள்ள, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்பும் செயலிகளில் நடுவில் இருக்கும் சர்வரால் செய்தியைப் படிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஆகவே திருத்தம் என்பது, முன்பு அனுப்பியதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள் என்று பெறுபவரின் கைப்பேசிக்குச் சொல்லும் இன்னொரு மறையாக்கப்பட்ட செய்தியே. பழையது ஏற்கெனவே அந்தக் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைக் காட்டுவதா மறைப்பதா என்பது செயலியை வடிவமைப்பவர் எடுக்கும் முடிவு. வாட்ஸ்அப் 2016 முதல் தன் மறையாக்கத்துக்குப் பயன்படுத்துவது சிக்னலின் மறையாக்க முறையைத்தான் என்பதை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும்: ஒரே அடித்தளத்தின் மேல் நின்று இரண்டும் இருவேறு முடிவுகளை எடுத்திருக்கின்றன. டெலிகிராமின் வழக்கமான உரையாடல்கள் அதன் சர்வரிலேயே இருப்பவை என்பதால் அங்கே நடைமுறை வேறு.

சிக்னலில் ஒரு செய்தியைப் பத்து முறை வரை திருத்தலாம். குறிப்பைத் தொட்டதும் ஒவ்வொரு வடிவமும் அதனதன் நேரத்தோடு வரிசையாக விரிகிறது. எங்கள் வேலைக்கு இது எதிர்பாராத இன்னொரு பயனையும் தந்தது: ஒரு வாக்கியத்தை எப்படி மாற்றலாம் என்று செய்தியிலேயே எழுதிப் பார்த்துத் திருத்தும்போது, முந்தைய வடிவமே மேல் என்று யாராவது சொன்னால் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஐமெசேஜும் இந்த வகையில் நேர்மையானதே. அதன் சோதனைப் பதிப்பில் தொடக்கத்தில் பழைய வடிவங்கள் தெரியாமல்தான் இருந்தன. வெளியீட்டுக்கு முன்பே அந்த வரலாற்றைச் சேர்த்து, திருத்தத்துக்கு ஐந்து முறை என்ற எல்லையும் வைத்து, அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவகாசத்தையும் 15 நிமிடத்திலிருந்து 2 நிமிடமாகக் குறைத்தார்கள். நான் அதை அன்றாடம் பயன்படுத்துபவள் அல்லள். தோழி ஒருவரின் கைப்பேசியில் பார்த்த அளவில்தான் சொல்கிறேன். ஆப்பிள் கருவிகளுக்கு இடையில் மட்டுமே இது இயங்கும் என்பதால், பலவகைக் கைப்பேசிகள் கலந்த எங்கள் குழுவுக்கு அது பொருந்தவில்லை.

திருத்தாமல் நீக்கிவிட்டு மறுபடி அனுப்பலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். வாட்ஸ்அப்பில் இதற்கு இரண்டு நாளுக்கும் மேல் அவகாசம் உண்டு. நீக்கிய இடத்தில் செய்தி நீக்கப்பட்டது என்ற வரியும் நிற்கும். டெலிகிராமில் நீக்கினால் சுவடே இராது. தவறான ஆளுக்குப் போன செய்திக்கு நீக்கம்தான் ஏற்றது, ஏனென்றால் சிக்னலில் திருத்தினாலும் பழையது அவர் கண்ணுக்குத் தெரியும். வேலைக் குறிப்புகளுக்கோ நீக்கம் இன்னும் மோசம்: முன்பு சொன்னது என்ன என்பதற்குச் சான்றே இல்லாமல் போகிறது.

எழுத்துப்பிழை மட்டும் என்றால், நான்கில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். வீட்டாரோடும் நண்பர்களோடும் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறேன். அங்கே இந்த வரலாறு இல்லையே என்று ஒருநாளும் குறைப்பட்டதில்லை. ஒருவர் சொல்லைக் கொண்டு இன்னொருவர் வேலை செய்ய நேரும் இடத்தில்தான் என் தேர்வு மாறுகிறது.

மாறுவதும் சுலபமாக இல்லை. எழுவரில் இருவர் ஏற்கெனவே இருக்கும் செயலிகள் போதும் என்று மூன்று வாரம் தயங்கினார்கள். வந்த பிறகும் ஒரு சிக்கல் மீதி இருக்கிறது: ஒருமுறை படித்து முடித்த செய்தியை யாரும் திரும்பப் போய்ப் பார்ப்பதில்லை. பழைய வடிவம் தெரிவது பின்னால் உண்மையை அறிய உதவுமே ஒழிய, பத்தி நீக்கப்படுவதை அந்த நேரத்தில் தடுத்துவிடாது. ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒற்று, புள்ளி, பக்க எண்ணின் வடிவம் போன்றவற்றைச் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம். பொருள் மாறினால் திருத்தியதோடு நிற்காமல், 'மேலே உள்ளதை மாற்றியிருக்கிறேன், வேண்டாம் என்பதே சரி' என்று புதிதாக ஒரு வரி அனுப்ப வேண்டும். சென்ற வாரம் அப்படியொரு வரியை முதலில் அனுப்பியவர், அன்று என்னிடம் கடிந்துகொள்ளப்பட்ட அதே இளைஞர்தான்.