குவாம் - ஹொனலூலு: நேராகப் போவதா, நின்று நின்று போவதா?

பசிபிக் கடலில் இருக்கும் அமெரிக்கத் தீவான குவாமிலிருந்து ஹவாயின் ஹொனலூலுவுக்கு நேர்கோட்டில் சுமார் 6,100 கி.மீ. நிற்காமல் போகும் யுனைடெட் விமானத்தில் ஏறினால் 7 மணி நேரம் சொச்சத்தில் இறங்கிவிடலாம். அதே யுனைடெட் நிறுவனத்தின் 155ஆம் எண் விமானம் சூக், போன்பே, கோஸ்ரே, குவாஜலின், மஜுரோ என்று தீவு தீவாக இறங்கி ஏறிப் போய்ச் சேர 14, 15 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 'ஐலண்ட் ஹாப்பர்' என்று பெயர், 1968லிருந்து ஓடுகிற வழித்தடம். சில நாள்களில் கோஸ்ரேவில் நிற்காது, அதைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

நேரம் இரட்டிப்பு என்றதும் பெரிய சுற்றுவழி போல என்று தோன்றும். கூட்டிப் பார்த்தேன், ஐந்து தீவும் சேர்த்து மொத்தமே சுமார் 7,100 கி.மீ.தான் வருகிறது, கூடுதல் தூரத்தைப் பறக்க ஒன்றேகால் மணி நேரம் போதும். மீதியெல்லாம் நிறுத்தத்தில் ஆள், சரக்கு, எரிபொருள் ஏற்றுவதிலும், மேலே ஏறிய கையோடு கீழே இறங்குவதிலும் போகிறது. குவாஜலின் - மஜுரோ சுமார் 430 கி.மீ.தான், உயரம் பிடித்து முடிப்பதற்குள் இறக்கம் தொடங்கிவிடும். அதற்கடுத்த மஜுரோ - ஹொனலூலு மட்டும் ஒரே மூச்சில் 3,660 கி.மீ., ஐந்து மணி நேரம்.

இணையத்தில் தூரம் கணக்கிட்டுத் தரும் பக்கங்கள் இந்த இடத்தில்தான் ஏமாற்றும். மஜுரோ - குவாம் 3,000 கி.மீ., நாலு மணி நேரம் என்று காட்டும். ஹாப்பரில் போனால் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம்.

அவசர வேலை என்றால் நேர் விமானம்தான், யோசிக்கவே வேண்டாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் அதுவே. மற்றபடி ஒரு நாள் கையில் இருந்தால் நான் ஹாப்பரைத்தான் சொல்வேன், பவளத் தீவின் வளையத்துக்குள் பச்சையாகத் தேங்கி நிற்கிற கடலை இவ்வளவு தாழ்வாகப் பறந்து பார்க்க வேறு எங்கே கிடைக்கும்? ஓடுபாதைகள் குட்டை, கோஸ்ரேவில் 1,750 மீட்டர்தான். பழுது வந்தால் அந்தத் தீவுகளில் ஆள் தேட முடியாது என்பதால் மெக்கானிக்கையும் உதிரி பாகங்களையும் விமானத்திலேயே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். குவாஜலின் அமெரிக்க ராணுவத் தளம், அனுமதி இல்லாதவர்கள் விமானத்தை விட்டு இறங்க முடியாது.

அப்புறம் தேதிக் குழப்பம். நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு வருகிறது, கிழக்கே தாண்டினால் நாள் ஒன்று பின்னால் போகும், ஹொனலூலு குவாமுக்கு 20 மணி நேரம் பின்னால். திங்கள் காலை எட்டரை வாக்கில் ஹாப்பரில் கிளம்பினால் அதே திங்கள் விடியற்காலை மூன்று மணிக்குப் போய் இறங்குவீர்கள். நேர் விமானமோ திங்கள் காலை கிளம்பி ஞாயிறு மாலையே இறக்கிவிடும். ஆக, எதில் போனாலும் ஹொனலூலுவில் ஓட்டல் அறையை ஞாயிறு இரவுக்குப் போட்டு வையுங்கள், திங்களுக்குப் போட்டால் மதியம் வரை வரவேற்பறை சோபாதான்.