ஜெர்மனியின் ஆப்பர்ச்சூனிட்டி கார்டு: யாருக்குப் பலன், யாருக்குப் பண விரயம்?

கையில் வேலை இல்லாமலே ஜெர்மனிக்குப் போய், ஒரு வருஷம் வரை தங்கி வேலை தேட அனுமதிக்கும் விசா இது. 2024 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு முன்பிருந்த ஜாப் சீக்கர் விசா ஆறு மாதம்தான் தந்தது. அந்த வகையில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் எல்லாருக்கும் ஏற்றதல்ல. ஜெர்மன் பி1 வரை (ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என ஏறும் மொழித் திறன் நிலைகளில் மூன்றாவது) படித்தவருக்கு நல்ல வழி. ஆங்கிலத்தை மட்டும் நம்பிப் போகிறவருக்கு, பெரும்பாலும் சேமிப்பைக் கரைக்கும் வழி.

பட்டத்துக்கு ஜெர்மனியில் முழு அங்கீகாரம் இருந்தால் பாயிண்ட் கணக்கே வேண்டாம். மற்றவர்கள் சொந்த நாட்டு அரசு அங்கீகரித்த பட்டமோ, குறைந்தது இரண்டு வருஷத் தொழிற்கல்வியோ காட்ட வேண்டும். கூடவே ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 வேண்டும். அதற்கு மேல் ஆறு பாயிண்ட் சேர்க்க வேண்டும். கடந்த ஏழு வருஷத்தில் ஐந்து வருஷ அனுபவம் என்றால் 3, கடந்த ஐந்தில் இரண்டு வருஷம் என்றால் 2. வயது 35க்குள் 2, 40க்குள் 1. ஜெர்மன் ஏ2வுக்கு 1, பி1க்கு 2, பி2வுக்கு 3. ஆங்கிலம் சி1க்கு 1, ஆள் பற்றாக்குறைத் தொழிலுக்கு 1. தகுதியுள்ள கணவனோ மனைவியோ சேர்ந்து விண்ணப்பித்தால் இன்னொரு 1.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முப்பது வயது, ஐந்து வருஷ அனுபவம், ஆங்கிலம் சி1: மூன்றும் இரண்டும் ஒன்றும் ஆறு. ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாமலே விசாவுக்குத் தகுதி வந்துவிடும். போன பிறகு பார்த்தால், பெரிய நகரங்களின் ஐ.டி. நிறுவனங்களைத் தாண்டி ஆங்கிலத்தில் நேர்காணல் நடத்தும் இடங்கள் குறைவு. ஒரு வருஷம் நீளமாகத் தோன்றும். ஏ1இலிருந்து பி1 வரை படிப்பதற்கே அதில் பாதி போய்விடும்.

அனுபவப் பாயிண்டில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அனுபவம் படிப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், படிப்பு முடிந்த பிறகு பெற்றதாகவும் இருக்க வேண்டும். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐந்து வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவருடைய 3 பாயிண்ட் அப்படியே கழிந்துவிடக்கூடும். பதவிப் பெயரும் தேதிகளும் மட்டும் உள்ள கடிதம் போதாது. என்ன வேலை செய்தார், எதை வைத்துச் செய்தார் என்று நாலைந்து வரி கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள்.

பட்டத்தைச் சரிபார்க்க அனாபின் என்ற தளம் இருக்கிறது. இதில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் எச் பிளஸ் (H+, அதாவது அங்கீகாரம் பெற்றது) என்று இருக்கிறதா? பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு இணை என்ற பதிவு இருக்கிறதா? முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். படித்த கல்லூரியின் பெயர் கிடைக்கவில்லை என்றால், பட்டச் சான்றிதழ் தந்த பல்கலைக்கழகத்தின் பெயரில் தேடுங்கள். பட்டமே பட்டியலில் இல்லையென்றால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் இசட்.ஏ.பி. (ZAB) என்ற ஜெர்மன் அமைப்பிடம் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

விசா கட்டணம் 75 யூரோதான். பெரிய தொகை, தங்கும் செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கான ஆதாரம்: 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ, ஒரு வருஷத்துக்கு 13,092. பெரும்பாலோர் இதை பிளாக்டு அக்கவுண்டில் போடுகிறார்கள். ஜெர்மனியில் இருக்கும் ஒருவர் பொறுப்பேற்றுத் தரும் உறுதிமொழிப் பத்திரமும் ஏற்கப்படும். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதாமாதம்தான் பணம் வெளியே வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வீட்டு முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதை மூன்று தவணையாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. சண்டை போடாமல், சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். எப்படியும் முதல் இரண்டு மாதத்துக்குத் தனியாகக் கையில் பணம் வேண்டும்.

குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் கட்டாயம். ‘பதிவு செய்ய முடியாது’ என்று சொல்லி வாடகைக்கு விடும் அறைகள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பதிவு இல்லாமல் வரி எண் தபாலில் வராது. வரி எண் இல்லாவிட்டால் பகுதி நேரச் சம்பளத்தில் மிக அதிகமான வரியைப் பிடிப்பார்கள்.

இந்தக் கார்டில் வாரம் சராசரி 20 மணி நேரம் எந்த வேலையும் பார்க்கலாம். இதுதான் இதன் உண்மையான பலம். ஒரு நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை சோதனை வேலையும் பார்க்கலாம், அது முழு நேரமாகக்கூட இருக்கலாம். சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை. நிரந்தர வேலை கிடைத்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை. கார்டு முடியும் முன் உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதியை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். புது அனுமதி வரும்வரை முழு நேர வேலையைத் தொடங்கக் கூடாது. வேலை ஒப்பந்தம் இருந்தும் வேறு எந்த அனுமதிக்கும் தகுதி வராதவருக்குக் கார்டை இரண்டு வருஷம் வரை நீட்டிக்க வழி உண்டு.

ஊரிலிருந்தே வேலை வாங்க முடிகிறவர் இந்தக் கார்டைத் தொடவே வேண்டாம், நேரே புளூ கார்டு (உயர் தகுதியுள்ள வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) போகட்டும். 2025இல் அதற்கான வருடச் சம்பள வரம்பு 48,300 யூரோ. பற்றாக்குறைத் தொழில்களுக்கு 43,759.80. ஐ.டி.யில் பட்டம் இல்லாதவருக்கும், கடந்த ஏழு வருஷத்தில் மூன்று வருஷ அனுபவம் இருந்தால், இந்தக் குறைந்த வரம்பில் கிடைக்கும். புளூ கார்டில் 27 மாதம் வேலை பார்த்தால் ஜெர்மன் ஏ1ஓடு நிரந்தரக் குடியிருப்பு. பி1 இருந்தால் 21 மாதம். வேலை தேடிக் கழிந்த மாதங்கள் இந்தக் கணக்கில் சேராது.